பட்டாவில்தான் பெயர் அழிந்தது, வயல் அங்கேயே இருக்கிறது

கேள்வி: அண்ணா, மன்னார்குடி பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ். நெல் வரவு, அரிசி லோடு, கூலி எல்லாம் அதில் ஓடும் ஒரு கணக்கு சாஃப்ட்வேரில்தான். சம்பா வரத்து தொடங்கிவிட்டதால் எனக்கு உதவியாக ஒரு பையன் வந்திருக்கிறான். அவனுக்குத் தனி லாகின் வைக்க, எங்கோ படித்ததை நம்பி, ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) நுழைந்து பாஸ்வேர்டு கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். கடைசியில் சேர்க்கும் >> போட வேண்டிய இடத்தில், பழையதை அழித்து எழுதும் > மட்டும் விழுந்துவிட்டது. இரண்டு முறைதான் அழுத்தினேன், கீபோர்டு முழுக்கத் தவிட்டுத் தூசி. இப்போது கோப்பில் அந்தப் பையனின் வரி ஒன்றுதான் இருக்கிறது. பதற்றத்தில் ரூட் விண்டோவையும் மூடிவிட்டேன். ரூட் அதிகாரத்தைக் கடன் தரும் சூடோ கட்டளையைப் போட்டால் நீ பட்டியலிலேயே இல்லை என்கிறது. மெஷினை இன்னும் அணைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார். ஐந்து வருஷக் கணக்கு உள்ளே இருக்கிறது. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்த இரவே "அணைக்காதீர்கள், ஃபார்மட் அடிக்காதீர்கள்" என்று இரண்டு வரி அனுப்பினேன். விவரத்தை இங்கே எழுதுகிறேன். ஃபார்மட் சொன்ன நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதலில் பயத்தை இறக்கி வைப்போம். ஐந்து வருஷக் கணக்கில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. போனது ஈடிசி என்ற கோப்புறையில் இருக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. வாயால் பாஸ்வேர்டு கோப்பு என்கிறோம். தட்டும்போது பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என்று ஆறே எழுத்து. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு உங்கள் பெயரெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும்தான். ரூட் என்றால் 0. உபுண்டு நிறுவும்போது முதலில் உருவான ஆள் 1000, அநேகமாக அது நீங்கள்தான். ஒவ்வொரு கோப்பிலும் உரிமையாளர் என்று பதிந்திருப்பது அந்த எண். வயலுக்குச் சர்வே எண் இருப்பது மாதிரி. எந்த எண் யார் பெயரில் என்று சொல்லும் பட்டாதான் இந்தப் பாஸ்வேர்டு கோப்பு. நீங்கள் கிழித்தது பட்டாவை. வரப்பு நகரவில்லை, வயலில் பயிரும் அப்படியே நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் இப்போதே டெர்மினலில் (கட்டளை தட்டும் விண்டோவில்) எல்எஸ் -எல் தட்டிப் பாருங்கள். உங்கள் பெயர் இருந்த இடத்தில் 1000 என்று நிற்கும். புதிதாக ஒரு டெர்மினல் திறந்தால், "ஐ ஹேவ் நோ நேம்!" என்று கட்டளைக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட் வரியே புலம்பும். சூடோ உங்களைத் தெரியாது என்பதற்கும் இதுதான் காரணம். 1000 யார் என்று பட்டாவைப் புரட்டுகிறது, பட்டாவில் பையன் ஒருவன்தான் இருக்கிறான்.

இன்னொரு ஆறுதல். பெயர் பாஸ்வேர்டு கோப்பு என்றாலும் அதில் பாஸ்வேர்டு கிடையாது. ஆரம்ப கால யூனிக்ஸில் இருந்தது, குறியாக்கிய வடிவில், எல்லாரும் படிக்கக்கூடிய இந்தக் கோப்பிலேயே. அதை ஊகித்து உடைப்பது எவ்வளவு சுலபம் என்று ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் 1979-இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். பிற்பாடு அதைப் பிரித்து, ரூட் மட்டும் படிக்கும்படி ஷேடோ என்ற தனிக் கோப்புக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் எக்ஸ் என்று ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. வாய்க்கால் தூர்ந்து தெருவான பிறகும் அதை வாய்க்கால் தெரு என்றே கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஷேடோ கோப்பை நீங்கள் தொடவில்லை. யார் யாருக்கு சூடோ அனுமதி என்று சொல்லும் குரூப் கோப்பையும் தொடவில்லை. ஆகவே பட்டாவைத் திருப்பி ஒட்டியதும் உங்கள் பழைய பாஸ்வேர்டே வேலை செய்யும், சூடோவும் வரும்.

சரி, அணைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. வேறு ஏதாவது டெர்மினல் டேபில், ஹாஷ் குறியோடு ரூட் பிராம்ப்ட் திறந்து கிடக்கிறதா என்று ஒரு முறை தேடுங்கள். இருந்தால் அது புதையல். ஏற்கெனவே 0 என்ற எண்ணோடு ஓடிக்கொண்டிருப்பதற்குப் பட்டா தேவையில்லை, கீழே சொல்லும் நகலெடுப்பை அங்கேயே முடித்துவிடலாம். இல்லையென்றால் திரை தானாக லாக் ஆவதை செட்டிங்ஸில் நிறுத்துங்கள். லாக் ஆகிவிட்டால் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாது, ஏனென்றால் அந்தப் பெயரில் ஆளே இல்லை. கணக்கு சாஃப்ட்வேரும் அதன் டேட்டாபேஸும் முன்பே எழுந்து ஓடிக்கொண்டிருப்பவை, அவற்றுக்கு இன்னும் பாதிப்பு இருக்காது. அதிலேயே பேக்கப் பட்டன் இருந்தால் இப்போதே அழுத்தி ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் வழியில் டேட்டாவுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஐந்து வருஷக் கணக்கு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் என்று படித்ததிலிருந்து எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அப்புறம் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். எப்படியும் மெஷின் அரை மணி நேரம் நிற்கும். வாசலில் லோடு வண்டி நிற்கும்போது அதை ஒளிக்க முடியாது. "லாகின் பட்டியல் அழிந்துவிட்டது, கணக்கு பத்திரமாக இருக்கிறது, சாயங்காலம் கடைசி லாரி போனதும் சரிசெய்கிறேன்" என்று சொன்னால் போதும். யூபிஎஸ் பாட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மில் மோட்டார் எழும்போது விளக்கு மங்குகிற லைனில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

இப்போது உள்ளே நுழையும் வழி. மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கம்பெனி லோகோ மறையும் நேரத்தில், புதிய மெஷினாக இருந்தால் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள், பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். எதை பூட் செய்வது என்று கேட்கும் க்ரப் மெனு வரும். வராவிட்டால் மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி முயற்சி. எஸ்கேப்பை ஒரு தடவை கூடுதலாகத் தட்டிவிட்டால் மெனுவைத் தாண்டி க்ரப் பிராம்ப்ட்டில் போய் நிற்கும், அதற்கும் பதற வேண்டாம், திரும்ப ரீஸ்டார்ட்தான். மெனுவில் ரெக்கவரி மோட் என்று ஒன்று கண்ணில் படும். இந்த நோய்க்கு நான் அதை நம்புவதில்லை. அதுவும் ரூட் என்ற பெயரைத் தேடிப் போகும் வழி, உங்கள் பட்டாவில் ரூட்டும் இல்லை.

முதல் வரியின் மேல் நின்று ஈ என்ற எழுத்தை அழுத்துங்கள். சில வரிகள் கொண்ட ஒரு பக்கம் திறக்கும். அதில் லினக்ஸ் என்ற சொல்லோடு தொடங்கும் நீளமான வரியைத் தேடுங்கள். திரையில் அது மடிந்து இரண்டு மூன்று வரியாகத் தெரியலாம். அதன் கடைசிப் பக்கம் ஆர்ஓ, கொயட், ஸ்பிளாஷ் என்று மூன்று சொற்கள் இருக்கும். ஆர்ஓ என்றால் படிக்க மட்டும். அதை ஆர்டபிள்யூ ஆக்குங்கள். கொயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்துவிடுங்கள், திரையில் நடப்பது தெரியும். வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இனிட்=/பின்/பாஷ் என்று சேருங்கள். கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்தோ, எஃப்10 விசையோ அழுத்தினால் பூட் ஆகும். இந்தத் திருத்தம் இந்த ஒரு முறைக்கு மட்டும்தான், அடுத்த பூட்டில் பழையபடி ஆகிவிடும். தப்பாகத் தட்டினாலும் நட்டமில்லை.

என்ன நடந்தது என்றால், வழக்கமாக முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்புகிற இனிட்டுக்குப் பதிலாக, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு வெறும் ஷெல்லை எழுப்பச் சொல்லியிருக்கிறோம். லாகின் இல்லை, பெயர் கேட்பார் இல்லை, எண் 0. கறுப்புத் திரையில் பெயரில்லாத ஒரு ரூட் பிராம்ப்ட் நிற்கும். இங்கே எக்ஸிட் மட்டும் தட்டாதீர்கள். இந்த ஷெல்தான் இப்போது முதல் புராசஸ், அது போனால் கெர்னல் பேனிக் ஆகி உறைந்துவிடும். டிஸ்க்கில் எழுத முடிகிறதா என்று உறுதி செய்ய, மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று ஒரு முறை தட்டிவிடுங்கள்.

இனி பட்டாவின் நகல். ஈடிசி கோப்புறையில் எல்எஸ் -எல் /ஈடிசி/பாஸ்* என்று பாருங்கள். உங்கள் கோப்புக்குப் பக்கத்திலேயே அதே பெயரில், கடைசியில் ஒரு சிறு கோடு சேர்ந்த இன்னொரு கோப்பு இருக்கும். யூசர்ஆட், யூசர்மாட் போன்ற கருவிகள் பட்டியலை மாற்றும்போதெல்லாம் மாற்றத்துக்கு முந்தைய நிலையை இந்தப் பெயரில் எடுத்து வைத்துவிடும். நீங்கள் எக்கோவும் > குறியும் வைத்து நேராக எழுதியதால் அந்தக் கருவிகள் தலையிடவில்லை, ஆகவே நகலும் கெடவில்லை. கேட் போட்டு அதைப் படியுங்கள். முதல் வரி ரூட் என்று தொடங்க வேண்டும். கீழே எங்காவது 1000 என்ற எண்ணோடு உங்கள் வரி இருக்க வேண்டும். டெஸ்க்டாப் உபுண்டு என்றால் சுமார் 40 வரி தேறும். இருந்தால் முதலில் கெட்டுப்போன கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கோடு போட்ட கோப்பை, சிபி கட்டளையால் கோடில்லாத கோப்பின் மேல் நகலெடுங்கள். எம்வி வேண்டாம், நகலை நகர்த்தித் தொலைக்க வேண்டியதில்லை. முடிந்ததும் அந்தக் கோப்புக்கு, அனுமதியைச் சரிசெய்ய சிமாட் 644, உரிமையாளரை ரூட் ஆக்க சௌன் 0:0 போட்டுவிடுங்கள். ஊர் முழுக்கப் படிக்க வேண்டிய கோப்பு அது. ரூட் மட்டும் படிக்கும்படி அனுமதி குறுகிவிட்டால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் மெஷின் மறுபடி பெயரில்லை என்று புலம்பும்.

ஒரு சிறு எச்சரிக்கை. அந்த நகல் கடைசி மாற்றத்துக்கு முந்தையது. கடைசியாகச் சேர்ந்த ஒரு லாகின் மட்டும் அதில் விட்டுப்போயிருக்கலாம். உபுண்டு, டெபியன் குடும்பத்தின் பல பதிப்புகளில் வார் (வி, ஏ, ஆர்) கோப்புறைக்குள் பேக்கப்ஸ் என்ற இடத்திலும் ஒரு நகல் கிடக்கும், கடைசியில் புள்ளி பிஏகே என்றிருக்கும். இரண்டையும் டிஃப் போட்டு ஒப்பிட்டு, முழுமையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சிங்க் என்று தட்டி எழுத்தெல்லாம் டிஸ்க்கில் இறங்கியதை உறுதி செய்து, எக்ஸெக் /எஸ்பின்/இனிட் என்று தட்டுங்கள். மெஷின் வழக்கம்போல எழும், லாகின் திரையில் உங்கள் பெயர் இருக்கும். பெரும்பாலும் இதோடு முடிந்தது. நிதானமாகச் செய்தாலும் 20 நிமிஷம்.

க்ரப் வழி ஒத்துவரவில்லை என்றால் உபுண்டு நிறுவும் பென் டிரைவைப் போட்டு பூட் செய்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் போங்கள். எல்எஸ்பிஎல்கே தட்டினால் டிஸ்க் பகுதிகள் தெரியும். உங்கள் மெஷினின் ரூட் பகுதியை எம்என்டி கோப்புறையில் மவுண்ட் செய்து, அங்கே இருக்கும் ஈடிசியில் மேலே சொன்னதையே செய்யுங்கள். பென் டிரைவின் சொந்த ஈடிசியும் அதே பெயரில் இருக்கும், எதில் கை வைக்கிறோம் என்பதில் கவனம்.

இரண்டு நகலும் இல்லை என்றால்? இங்கேதான் என் கதை வருகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜின் பில்லிங் மெஷினில் இதையே செய்தேன். மகாமகக் குளத்துப் பக்கம் அறைகள் எல்லாம் நிரம்பிய முகூர்த்த நாள், கீழே ரிசப்ஷனில் சண்டை. நகலைத் தேட வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. புத்திசாலித்தனமாக, என் லேப்டாப்பிலும் அதே பதிப்பு உபுண்டுதானே என்று, அதன் பாஸ்வேர்டு கோப்பை அப்படியே கொண்டுபோய் ஒட்டினேன். லாகின் வந்தது, எனக்கு ஒரே பெருமை. டேட்டாபேஸ் மட்டும் எழவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. அந்த டேட்டாபேஸை ஓட்டும் மைஎஸ்க்யூஎல் என்ற பெயருக்கு என் லேப்டாப்பில் ஓர் எண், அந்த மெஷினில் வேறு எண். சர்வே எண் மாறிய பட்டாவைக் கொண்டுபோய்க் காட்டினால் எந்த வயலுக்குள் விடுவார்கள்? 100-இலிருந்து 999 வரை உள்ள, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களின் எண்கள் சாஃப்ட்வேர் நிறுவுகிற வரிசையில் விழுபவை. மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால் அடுத்த மெஷினின் கோப்பைக் கடன் வாங்காதீர்கள்.

கைப்படத்தான் எழுத வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு வரியில் ஏழு பகுதி, நடுவில் முக்காற்புள்ளி: பெயர், எக்ஸ், பயனர் எண், குழு எண், முழுப்பெயர், வீட்டுக் கோப்புறை, ஷெல். ரூட் வரியில் இரண்டு எண்ணும் 0, வீடு /ரூட், ஷெல் /பின்/பாஷ். உங்கள் வரியில் இரண்டும் 1000, வீடு ஹோமுக்குள் உங்கள் பெயர். எண் அதுதானா என்று எல்எஸ் -என் /ஹோம் தட்டினால் தெரிந்துவிடும், அது பெயரைத் தேடாமல் எண்ணையே காட்டும். இரண்டாம் பகுதியில் எக்ஸை மறந்து வெறுமையாக விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டே வேண்டாம் என்று அர்த்தமாகிவிடும். 100-க்குக் கீழே உள்ள நிலையான எண்களுக்கு யூஎஸ்ஆர், ஷேர், பேஸ்-பாஸ்டபிள்யூடி என்று உள்ளே போனால் ஒரு மாஸ்டர் கோப்பு இருக்கிறது. அதில் எக்ஸுக்குப் பதில் நட்சத்திரம் போட்டிருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள சர்வீஸ் பெயர்களை ஷேடோ கோப்பு சொல்லும், குழு எண்ணைக் குரூப் கோப்பு சொல்லும், பயனர் எண்ணை அந்தந்த சர்வீஸின் கோப்புறையே எல்எஸ் -என்னில் சொல்லும். அன்று லாட்ஜில் மைஎஸ்க்யூஎல்லை அப்படித்தான் எழுப்பினேன், வார், லிப் கோப்புறையில் எண்ணைப் பார்த்து. அதற்குள் ரிசப்ஷன்காரர் கைப்பில்லுக்கு மாறி வேலையை முடித்துவிட்டிருந்தார்.

மெஷின் எழுந்ததும் சூடோ பிடபிள்யூசிகே -ஆர் என்று ஒரு முறை ஓட்டுங்கள். கோப்பில் வரி கோணலாக இருந்தால் சொல்லிவிடும். சில சர்வீஸ் கணக்குகளுக்கு வீட்டுக் கோப்புறை இல்லை என்று முணுமுணுக்கும், அது எப்போதும் உள்ளதுதான், விட்டுவிடுங்கள்.

பையனுக்கு லாகின் வைக்க சூடோ ஆட்யூசர் என்று தட்டி அவன் பெயரைக் கொடுங்கள். வீட்டுக் கோப்புறை, குழு, பாஸ்வேர்டு எல்லாம் அதுவே கேட்டுச் செய்துகொள்ளும். கோப்பில் கை வைத்தே தீர வேண்டும் என்றால் விஐபிடபிள்யூ என்ற கருவி இருக்கிறது. கோப்பைப் பூட்டிவிட்டுத் திறக்கும், பழையதை எடுத்து வைக்கும். இதே ஜாதியில் இன்னொரு பள்ளமும் உண்டு. யூசர்மாடில் -ஜி போட்டு ஆளை ஒரு குழுவில் சேர்க்கும்போது (இங்கே ஜி மட்டும் பெரிய எழுத்து) கூடவே -ஏ போட மறந்தால், சூடோ உட்பட மற்ற குழுக்களிலிருந்து அவரைத் தூக்கிவிடும்.

கீபோர்டு தூசி என்கிறீர்கள், நம்புகிறேன். உங்கள் மில் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு கைப்பிடி தவிடு விழும் என்று தெரியும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சூடோ எக்கோ என்று தொடங்கி > போட்டிருந்தால், அந்தக் குறியை ரூட் அல்ல, உங்கள் ஷெல்தான் நிறைவேற்றும், அனுமதி இல்லை என்று கோப்பும் பிழைத்திருக்கும். ரூட்டாகவே உள்ளே போய் உட்கார்ந்ததால்தான் தடுக்க ஆளில்லாமல் போனது.

முதலாளி கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்: பாஸ்வேர்டே இல்லாமல் நீ உள்ளே போக முடிகிறதென்றால் வேறு யாரும் போகலாமே? போகலாம்தான். மெஷினுக்கு முன் உட்கார முடிந்த எவரும் போகலாம். ஆபீஸ் அறைக்குப் பூட்டுப் போடுங்கள், அடுத்த முறை உபுண்டு நிறுவும்போது டிஸ்க்கையே குறியாக்கம் செய்யுங்கள். டிஸ்க் ஏற்கெனவே குறியாக்கம் ஆனதென்றால் பூட் ஆகும்போது அதன் கடவுச்சொல்லைக் கேட்கும். அது இந்தக் கோப்பில் இல்லாத தனிச் சமாசாரம், வழக்கம்போலப் போட்டு மேலே போகலாம்.

எங்காவது முட்டி நின்றால் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எல்எஸ் -என் /ஹோம் காட்டுவதையும் சேர்த்து. ஷேடோ கோப்பை மட்டும் படமெடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்தான்.